சுற்றுப்படம் கிடைக்காத 1980களின் இசட்80 கணினி: பழுதுபார்ப்பை எங்கிருந்து தொடங்குவது?

ஆய்வக_ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் கல்லூரி ஒன்றின் மின்னணுவியல் துறையில் பாடம் நடத்துகிறேன். எங்கள் துறையின் பொருள் அறையைக் காலி செய்தபோது, 1980களின் நடுவில் உள்நாட்டு நிறுவனம் ஒன்று தயாரித்த மேசைக் கணினி, அதற்குரிய பச்சை நிறத் திரையுடனும் ஒரு பெட்டி நிறைய 5.25 அங்குல ஃபிளாப்பிகளுடனும் கிடைத்தது. அந்த நிறுவனம் மூடப்பட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. பயனர் கையேடு, சுற்றுப்படம், பராமரிப்புக் குறிப்பு என எதுவும் எங்களிடம் இல்லை. இணையத்தில் தேடியதில் அந்த மாடலின் பெயர்கூட எங்கும் அகப்படவில்லை.

மேல்மூடியைத் திறந்து பார்த்ததில் ஒரே பெரிய போர்டு இருக்கிறது. அதில் இசட்80ஏ (மையச் செயலி), 4116 என்று குறிக்கப்பட்ட 16 பின் சிப்புகள் நான்கு வரிசையாக 32 (முதன்மை நினைவகம்), 6845 (திரைக் கட்டுப்பாட்டுச் சிப்), அதன் அருகே 2114 நான்கு (திரை நினைவகம்), 1793 (ஃபிளாப்பிக் கட்டுப்பாட்டுச் சிப்), 8251 (தொடர் தகவல்தொடர்புச் சிப்), 8255 (இணை உள்ளீட்டு வெளியீட்டுச் சிப்) ஆகியவை உள்ளன. 2716 ஈப்ராம் (மின்சாரம் இல்லாதபோதும் நிரலைத் தாங்கும் நினைவகச் சிப்) இரண்டு. ஒன்று இசட்80க்கு அருகிலும் மற்றொன்று 6845க்கு அருகிலும் இருக்கின்றன. மீதமெல்லாம் 74எல்எஸ் வரிசையின் சிறு தர்க்கச் சிப்புகள். பவர் சப்ளை பெரிய டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட பழைய வகை. எங்கள் ஆய்வக உதவியாளர் ஒருமுறை மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, திரை முழுவதும் பொருளற்ற எழுத்துகள் நிரம்பி, அசையாமல் அப்படியே நின்றன. விசைப்பலகைக்கு எந்தப் பதிலும் இல்லை. பிறகு அணைத்துவிட்டோம்.

எங்களிடம் மல்டிமீட்டர், லாஜிக் புரோப், 20 மெகாஹெர்ட்ஸ் ஆசிலோஸ்கோப்பு ஆகியவை உள்ளன. சுற்றுப்படம் இல்லாத நிலையில் இதை எந்த ஒழுங்கில் அணுகுவது என்பதே என் கேள்வி. 8085 பயிற்சிப் பலகையை மட்டும் தொட்டுப் பார்க்கும் எங்கள் மாணவர்களுக்கு, ஒரு முழுக் கணினியின் ஒவ்வொரு முகவரித் தடத்தையும் கண்ணால் பின்தொடரும் வாய்ப்பு இனி வேறெங்கும் கிடைக்கப்போவதில்லை. கழித்துக்கட்டும் பொருள்களின் பட்டியலில் ஏறுவதற்கு முன் இதைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

---

கோவை_பழுதுநீக்குநர்:

வணக்கம் ஐயா. இக்காலக் கணினிகளைச் சிப் அளவில் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் வேண்டுகோள்: இனி ஒருமுறைகூட அதற்கு நேரடியாக மின்சாரம் கொடுக்க வேண்டாம். காரணம் 4116 சிப்புகள். அவற்றுக்கு மூன்று மின்னழுத்தங்கள் தேவை: 1ஆம் பின்னில் மைனஸ் 5 வோல்ட், 8ஆம் பின்னில் பிளஸ் 12, 9ஆம் பின்னில் பிளஸ் 5, கிரவுண்டு 16ஆம் பின். மைனஸ் 5 முதலில் வந்து கடைசியில் போக வேண்டும் என்பது அச்சிப்பின் விதி. மைனஸ் 5 இல்லாமல் 12 வோல்ட் மட்டும் ஏறினால் நினைவகச் சிப்புகள் நிரந்தரமாகக் கெடக்கூடும். 40 ஆண்டுகள் கிடந்த பவர் சப்ளையில் எது வருகிறது, எது வரவில்லை என்பது அளந்தால்தான் தெரியும்.

ஆகவே போர்டுக்குச் செல்லும் இணைப்பைக் கழற்றிவிட்டு, சீரிஸ் பல்பு போர்டு (மின்னோட்டம் மிகாமல் தடுக்கத் தொடரில் ஒரு பல்பை வைத்த பலகை) வழியாக பவர் சப்ளைக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஒவ்வொரு வழியிலும் ஒரு சுமை மின்தடையை வைத்து அளந்து பாருங்கள். மின்சாரம் இல்லாத நிலையில், 4116 ஒன்றின் 1, 8, 9 ஆகிய பின்களுக்கும் 16க்கும் இடையே ஓம் அளவில் குறுக்குச்சுற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். துளி வடிவ டான்டலம் மின்தேக்கிகள் குறுக்குச்சுற்றாகிப் போவது இந்த வயதுப் போர்டுகளில் நான் மிக அதிகமாகக் கண்ட பழுது. அதற்காக எல்லா மின்தேக்கிகளையும் ஒட்டுமொத்தமாக மாற்றிவிடும் இன்றைய வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அளக்காமல் மாற்றும் ஒவ்வொரு உறுப்பும், பழைய போர்டின் மெல்லிய செம்புத் தடம் ஒன்று பெயர்ந்து வருவதற்கான வாய்ப்பாகும்.

இனி நீங்கள் சொன்ன அறிகுறிக்கு வருகிறேன். திரையில் எழுத்துகள் நிலையாக நின்றன என்ற அந்த ஒரு செய்தியே பாதி சுற்றுப்படத்துக்குச் சமம். 6845 தானாக இயங்கும் சிப் அன்று. ஒரு வரிக்கு எத்தனை எழுத்து, எத்தனை வரி, ஒத்திசைவுத் துடிப்பு எங்கே வர வேண்டும் என்பவற்றையெல்லாம் இசட்80 அதன் பதிவேடுகளில் எழுதிய பிறகே நிலையான திரை கிடைக்கும். உங்கள் திரை நிலையாக நின்றது என்றால் கடிகாரம் ஓடுகிறது, ரீசெட் விடுபட்டிருக்கிறது, இசட்80 உயிருடன் இருக்கிறது, ஈப்ராமின் தொடக்கப் பகுதியாவது சரியாகப் படிக்கப்படுகிறது, 6845க்கான முகவரிப் பிரிப்பும் வேலை செய்கிறது. பொருளற்ற எழுத்துகள், மின்சாரம் வந்தவுடன் 2114 சிப்புகளில் தற்செயலாக அமையும் மதிப்புகள். அவற்றைத் துடைக்கும் வேலைக்கு முன் நிரல் நின்றுபோயிருக்கிறது.

எங்கே நின்றிருக்கும்? 6845ஐத் தயார்ப்படுத்த இசட்80இன் உள் பதிவேடுகளே போதும். ஒரு துணைநிரலை அழைத்துத் திரும்புவதற்கோ அடுக்கு நினைவகம் வேண்டும். 4116கள் வேலை செய்யாவிட்டால் திரும்பும் முகவரி தவறாகி, நிரல் திசைகெட்டுப் போகும். ஆகவே நான் முதலில் சந்தேகிப்பது முதன்மை நினைவகத்தை. அதிலும் முதலில் அந்த மைனஸ் 5 வோல்ட்டை.

ஆவணம் இல்லை என்று மனம் தளர வேண்டியதில்லை. உங்கள் போர்டில் உள்ள ஒவ்வொரு சிப்புக்கும் டேட்டாஷீட் கிடைக்கிறது. பிட்சேவர்ஸ் போன்ற ஆவணக் காப்பகங்களில் அக்காலத் தரவு நூல்கள் முழுமையாக வருடி வைக்கப்பட்டுள்ளன. இசட்80இன் 24ஆம் பின் வெயிட் என்பதையோ 26ஆம் பின் ரீசெட் என்பதையோ எந்த நிறுவனத்தாலும் மாற்றியிருக்க முடியாது. தயாரித்தவர்களுடன் மறைந்துபோனது கொஞ்சம்தான்: எந்த முகவரியில் எது, எந்த போர்ட் எண்ணில் (செயலி ஒரு சிப்பை அழைக்கும் எண்) எந்தச் சிப், தொடக்கத்தில் தெரியும் ஈப்ராம் பிறகு எப்படி விலகி நினைவகத்துக்கு இடம் விடுகிறது என்பவை. அந்தக் கொஞ்சமும் போர்டின் செம்பிலும் ஈப்ராமின் பைட்டுகளிலும் எழுதப்பட்டே இருக்கிறது.

இங்கிலாந்தில் போர்க்காலத்தில் இயங்கிய கொலோசஸ் கணினியின் வரைபடங்கள் 1960இல் எரிக்கப்பட்டன. பொறியாளர் டோனி சேல் 1993இல் அதன் மறுகட்டுமானத்தைத் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை எட்டுப் புகைப்படங்களும், பொறியாளர்கள் சிலர் விதியை மீறித் தம்மிடம் வைத்திருந்த சுற்றுப்படத் துணுக்குகளுமே. 1996இல் அதன் முதற்பகுதி இயங்கியது. அந்தக் கணினி பிரிட்டிஷ் அஞ்சல்துறையின் தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட வால்வுகளாலும் ரிலேக்களாலும் ஆனது என்பதும், அவ்வுறுப்புகளை அறிந்த பழைய பொறியாளர்கள் உயிருடன் இருந்ததும்தான் அதைச் சாத்தியமாக்கின. உங்களுடையது அதைவிட எத்தனையோ மடங்கு எளிய நிலை.

சிப்பின் மேல் இருக்கும் எண்களைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை. 7432 என்று ஒரு சிப்பில் தனியாக நின்றால் அது ஆர் கேட்டாக இருக்கலாம், 1974ஆம் ஆண்டின் 32ஆம் வாரம் என்ற தயாரிப்புக் குறியாகவும் இருக்கலாம். 1980களின் போர்டில் பெரும்பாலும் குழப்பம் வராது. ஆனால் நிறுவனங்கள் தங்கள் சொந்த எண்ணை அச்சிட்ட சிப்புகளில் இந்தத் தேதிக் குறிதான் ஒரே தடயமாக இருக்கும்.

---

ரோம்_வாசிப்பவள்:

மேலே சொன்னவற்றை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் வரிசையில் ஒன்றை முன்னால் வைப்பேன்: பவர் சப்ளையைத் தொடும் முன்பே இரண்டு ஈப்ராம்களையும் கழற்றிப் படித்துவிடுங்கள். 4116 கெட்டால் வேறு 4116 வாங்கலாம். அந்த மாடலின் தொடக்க நிரல் உலகத்தில் உங்கள் கையில் உள்ள அந்த 2048 பைட்டுகளில் மட்டுமே இருக்கக்கூடும். மின்னேற்றம் கசிந்து பிட்டுகள் மாறிக்கொண்டிருக்கும் வயது அவற்றுக்கு. கண்ணாடிச் சாளரத்தின் மேல் உள்ள காகிதம் உரிந்திருந்தால் வெயிலிலும் குழல்விளக்கு வெளிச்சத்திலும் வைக்காமல், புதிய ஒட்டுத்தாளால் உடனே மூடிவிடுங்கள்.

படிக்கும் முன் தயாரிப்பாளரின் குறியைப் பாருங்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎம்எஸ்2716 என்பது மூன்று மின்னழுத்தம் வேண்டும் வேறொரு சிப். மற்றவர்களின் 2716க்கு இணையான அந்நிறுவனச் சிப்பின் எண் டிஎம்எஸ்2516. தவறான அமைப்பில் சாக்கெட்டில் வைத்தால் சிப் போய்விடும். இன்றைய யுஎஸ்பி புரோகிராமர்கள் பலவற்றால் 2716ஐப் படிக்க முடியும். பலமுறை படித்து, எல்லாக் கோப்புகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். முடிந்தால் 4.5 வோல்ட்டிலும் 5.5 வோல்ட்டிலும் படித்துப் பாருங்கள். வலுவிழந்த பிட் இருந்தால் அங்கே வேறுபாடு தெரியும்.

அதன்பின் அந்தக் கோப்பை, பைட்டுகளைக் கட்டளைகளாக மாற்றிக் காட்டும் இசட்80 டிஸ்அசெம்ப்ளரில் இடுங்கள். ரீசெட்டுக்குப் பின் இசட்80 முகவரி 0இலிருந்து தொடங்கும் என்பதால் நுழைவாயில் தேட வேண்டியதில்லை. முதலில் போர்ட்டுகளில் எழுதும் அவுட், அவற்றைப் படிக்கும் இன் ஆகிய கட்டளைகளை மட்டும் வரிசையாகப் பட்டியலிடுங்கள். அதுவே உங்கள் போர்ட் வரைபடம். எந்த எண் எந்தச் சிப் என்பதைச் சிப்பின் நடத்தையே காட்டிக்கொடுக்கும். 6845க்கு அடுத்தடுத்த இரண்டு போர்ட்டுகளில் மாறிமாறி எழுதும் ஒரு சுழற்சி இருக்கும். அது ஓர் அட்டவணையிலிருந்து 14 அல்லது 16 மதிப்புகளை எடுக்கும். அந்த அட்டவணையின் இரண்டாம் மதிப்பு 80 ஆகவும் ஏழாம் மதிப்பு 24 ஆகவும் இருந்தால், 80 எழுத்து, 24 வரி கொண்ட திரை என்று உறுதி செய்துகொள்ளலாம். 1793க்கு நான்கு தொடர் போர்ட்டுகள்: கட்டளை, தடம், செக்டர், தரவு. 8251க்கு ஒரே போர்ட்டில் முதலில் முறைமைச் சொல், பிறகு கட்டளைச் சொல் என்று அடுத்தடுத்து எழுதப்படும்.

எந்த டேட்டாஷீட்டுக்கும் பொருந்தாமல் தனித்து நிற்கும் போர்ட் ஒன்று கட்டாயம் மிஞ்சும். அதுதான் சுவையானது. உங்கள் இயந்திரம் பெரும்பாலும் சிபி/எம் இயங்குதளத்துக்காகச் செய்யப்பட்டது. சிபி/எம்முக்கு முகவரி 0இலிருந்து நினைவகம் வேண்டும். இசட்80 தொடங்கவோ அதே இடத்தில் ஈப்ராம் வேண்டும். இந்த முரணைத் தீர்க்க, ஏதோ ஒரு போர்ட்டில் ஒரு பிட்டை எழுதி ஈப்ராமை மறைத்துவிடுவார்கள். நிரல் தன்னை மேல் நினைவகத்துக்கு நகலெடுத்துக்கொண்டு அங்கே தாவிய உடனே வரும் அவுட் கட்டளையைப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே. அந்த எண்ணை வைத்துக்கொண்டு முகவரியைப் பிரிக்கும் 74எல்எஸ்138இன் எந்த வெளியீடு, ஒரு பிட்டை நினைவில் வைக்கும் எந்தப் பிளிப் பிளாப்புக்குப் போகிறது என்று மல்டிமீட்டரின் ஒலியால் தொடர்ந்தால், போர்டில் மிகக் கடினமான பகுதி பிடிபட்டுவிடும்.

பழைய இயந்திரங்களை மென்பொருளாகவே இயக்கிக் காட்டும் மேம் எமுலேட்டரின் மூல நிரலையும் படித்துப் பாருங்கள். அது விளையாட்டு இயந்திரங்களுக்கானது என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆவணமே இல்லாத சிபி/எம் இயந்திரங்கள் பல, ரோம் படிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு அதில் விவரிக்கப்பட்டிருக்கின்றன. உங்கள் மாடல் இல்லாவிட்டாலும், இதே சிப்புகளை இதே விதமாகக் கோத்த வேறொன்று இருக்கும். ஒப்பிட்டுப் படிக்க அது போதும்.

---

ரிச்சி_தெரு_வாசகர்:

உதிரிப் பாகம் பற்றி மட்டும் ஒரு குறிப்பு. 4116 இன்று சென்னை ரிச்சி தெருவில் தேடினால் அரிதாகவே அகப்படும்; இணையத்தில் வருபவற்றில் மேற்பரப்பைச் சுரண்டி மறுபடி எண் அச்சிட்டவையும் கலந்திருக்கும். கெட்டவற்றுக்குப் பதிலாக 4164 பயன்படுத்தலாம். அதற்குப் பிளஸ் 5 மட்டும் போதும்: 1ஆம் பின்னை விட்டுவிட்டு, 8ஆம் பின்னுக்கு 12க்குப் பதிலாக 5 வோல்ட் கொடுத்தால், 9ஆம் பின் ஏற்கெனவே 5 வோல்ட்டில் இருப்பதால் கூடுதல் முகவரிக் கோடு நிலையாக நின்று, சிப்பின் கால்பகுதி மட்டும் பயன்படும். மொத்தமாக 32ஐயும் மாற்றிவிட்டால் 12 வோல்ட், மைனஸ் 5 வோல்ட் இரண்டின் தொல்லையும் நினைவகத்தைப் பொறுத்தவரை ஒழியும்.

இசட்80 பற்றிச் சந்தேகம் வந்தால், தரவுக் கோடுகள் எட்டையும் மின்தடை வழியாகக் கிரவுண்டுக்கு இழுத்து, எதுவும் செய்யாத நாப் கட்டளையாகவே படிக்கும்படி செய்து முகவரிக் கோடுகளை ஆசிலோஸ்கோப்பில் பார்க்கலாம்.

---

கோவை_பழுதுநீக்குநர்:

நாப் சோதனை நல்ல சோதனைதான். ஆனால் 6845 தயாரான பிறகு இசட்80ஐச் சந்தேகிக்கக் காரணமில்லை. இப்போதைக்கு அது தேவையற்ற வேலை. எப்போதாவது செய்ய நேர்ந்தால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: ஒவ்வொரு கட்டளை எடுப்பின் பிற்பாதியிலும் இசட்80 நினைவகப் புதுப்பிப்பு முகவரியை அதே கோடுகளில் வைக்கும். ஆகவே மேல் முகவரிக் கோடுகள் துண்டுதுண்டாகத் தெரியும். பழுது என்று எண்ணிவிடக் கூடாது. எம்1 என்ற 27ஆம் பின் தாழ்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் பாருங்கள்.

4164க்காகப் போர்டின் தடங்களை வெட்டுவதை நான் ஏற்கவில்லை. 4116கள் சாக்கெட்டில் இருந்தால், 4164ஐ ஓர் இடைச் சாக்கெட்டில் அமர்த்தி, மாற்றங்களை அந்தச் சாக்கெட்டிலேயே செய்யலாம். போர்டு தயாரிக்கப்பட்டபடியே இருக்கும். இந்த மாடலில் வேறொரு போர்டு கிடைக்காமலே போகலாம். அப்படியானால் இதன் தடங்கள்தான் எஞ்சியிருக்கும் ஒரே சுற்றுப்படம். அதை வெட்டக் கூடாது.

---

ஆய்வக_ஆசிரியர்:

உங்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே செய்தோம். ஈப்ராம் இரண்டையும் முதலில் படித்துவிட்டோம். எல்லாப் படிப்புகளும் ஒன்றாகவே வந்தன. கோப்பில் ஆங்கில வாசகங்கள் தெளிவாகத் தெரிகின்றன. வட்டைச் செருகுமாறு கேட்கும் செய்தியும் அவற்றில் ஒன்று. 6845இன் அட்டவணையில் 80, 24 ஆகிய இரண்டு மதிப்புகளும் சொன்ன இடங்களிலேயே இருந்ததைக் கண்டபோது மாணவர்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்ல வார்த்தையில்லை.

பவர் சப்ளையைத் தனியாக அளந்தபோது பிளஸ் 12 சரியாக இருந்தது, பிளஸ் 5 சற்றே குறைவாக 4.96 இருந்தது, மைனஸ் 5க்கான வழியில் மைனஸ் 0.3 வோல்ட் மட்டுமே இருந்தது. 79எல்05 ரெகுலேட்டரின் வெளியீட்டில் இருந்த டான்டலம் மின்தேக்கி குறுக்குச்சுற்றாகியிருந்தது. இரண்டையும் மாற்றிய பிறகு மைனஸ் 5 சரியாக வந்தது. போர்டை இணைத்து மின்சாரம் கொடுத்தோம். இப்போது நிலைமை மாறியிருக்கிறது, ஆனால் புரியவில்லை. திரையின் மேற்பகுதி முழுவதும் டாலர் குறிகளால் நிரம்புகிறது. கீழ்ப்பகுதி வெறுமையாக இருக்கிறது. வட்டைக் கேட்கும் செய்தி மேல் வரியில் வருகிறது. ஆனால் எழுத்துகள் தவறாக இருக்கின்றன. எஸ் வர வேண்டிய இடத்தில் டபிள்யூ, ஐ வர வேண்டிய இடத்தில் எம் வருகிறது. டாலர் குறிகள் 13ஆம் வரியின் நடுவில், வலப்பக்க ஓரத்தை அடையும் முன்பே சட்டென்று நின்றுவிடுகின்றன.

4116களில் எது கெட்டது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

---

கோவை_பழுதுநீக்குநர்:

ஐயா, 4116கள் பெருமளவு பிழைத்துவிட்டன. வட்டைக் கேட்கும் செய்தி வரை நிரல் வந்துவிட்டது என்றால் அடுக்கு நினைவகம் வேலை செய்கிறது. இப்போது கெட்டிருப்பது ஒரேயொரு 2114. அது எது என்பதையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எழுத்துகளுக்குரிய ஆஸ்கி குறியெண்களை எழுதிப் பாருங்கள். எஸ் 83, டபிள்யூ 87. ஐ 73, எம் 77. திரையைத் துடைப்பதற்கு எழுதப்படும் வெற்றிடம் 32, டாலர் குறி 36. எல்லாவற்றிலும் வேறுபாடு 4. அதாவது 4 என்ற மதிப்புடைய டி2 பிட், எழுதியது எதுவானாலும் 1 ஆகவே திரும்பி வருகிறது. ஏற்கெனவே அந்த பிட் 1 ஆக உள்ள எழுத்துகள் சரியாகத் தெரிந்திருக்கும். செய்தியில் டி என்ற எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் மதிப்பு 68, அதில் 4 ஏற்கெனவே அடக்கம்.

எல்லை ஏன் 13ஆம் வரியின் நடுவில்? 2114 என்பது 1024 இடங்களும் இடத்துக்கு 4 பிட்டுகளும் கொண்டது. 80 எழுத்து வரிகளில் 1024 இடங்கள் என்றால் 12 முழு வரிகளும் 13ஆம் வரியில் 64 எழுத்துகளும். உங்கள் டாலர் குறிகள் 64ஆம் எழுத்தில் நிற்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். நிற்கும் என்றே நம்புகிறேன். தரவுத் தாங்கிச் சிப்போ இசட்80இன் தரவுக் கோடோ கெட்டிருந்தால் திரை முழுவதும் பாதிக்கப்பட்டிருக்கும், நிரலே ஓடியிருக்காது. பாதிப்பு முதல் 1024 இடங்களில், கீழ் நான்கு பிட்டுகளில் ஒன்றில் மட்டும் உள்ளதால், முதல் கிலோபைட்டின் கீழ்ப்பாதியைத் தாங்கும் அந்த ஒரு சிப்பே காரணம்.

அதைப் போர்டில் அடையாளம் காண்பதும் எளிது. 2114இன் தரவுப் பின்கள் 11 முதல் 14 வரை. இசட்80இன் டி0 முதல் டி3 வரை 14, 15, 12, 8 ஆகிய பின்களில் இருக்கின்றன. இடையில் தரவுத் தாங்கிச் சிப் ஒன்று இருக்கும், அதன் வழியாகத் தொடருங்கள். கீழ் நான்கு பிட்டுகளோடு சேர்ந்தவை இரண்டு 2114கள் கிடைக்கும். சாக்கெட்டில் இருந்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டு அவை இரண்டையும் இடம் மாற்றுங்கள். டாலர் குறிகள் கீழ்ப்பகுதிக்குப் போனால் சிப்தான் கெட்டது. மேலேயே நின்றால் சாக்கெட்டின் தொடர்பையோ தடத்தையோ பார்க்க வேண்டும். அக்கால மலிவான சாக்கெட்டுகளில் உலோக நாக்கு கறுத்துத் தொடர்பு விட்டுப்போவது உண்டு.

சிப்புகள் நேரடியாகச் சாலிடர் செய்யப்பட்டிருந்தால், நல்ல சிப்பை மேலே ஏற்றி அழுத்திப் பார்க்கும் பழைய உத்தியை இங்கே நம்ப வேண்டாம். கெட்ட சிப்பின் வெளியீடு 1 என்று வலுவாக இழுத்துக்கொண்டிருந்தால் மேலே இருக்கும் நல்ல சிப்பால் அதை வெல்ல முடியாது.

---

ரோம்_வாசிப்பவள்:

4116கள் பிழைத்துவிட்டன என்பதை அப்படியே விட்டுவிட வேண்டாம் என்பது என் கருத்து. மைனஸ் 5 இல்லாமல் ஒருமுறை மின்சாரம் ஏறியிருக்கிறது. செய்தி வரும் வரை நிரல் தொடும் நினைவகம் மிகக் கொஞ்சம். வட்டிலிருந்து சிபி/எம் ஏற்றும்போதுதான் மற்ற இடங்கள் பயன்படும், அப்போது தோன்றும் பிழை வட்டின் பழுதைப் போலவே தோற்றம் தரும். ஆகவே ஃபிளாப்பியைத் தொடும் முன் ஒரு நினைவகச் சோதனை நிரல் எழுதி, ஈப்ராம் இருந்த சாக்கெட்டில் வையுங்கள். 2716க்குப் புதிதாக எழுத 25 வோல்ட் வேண்டும், இன்றைய புரோகிராமர்கள் பல அதைத் தருவதில்லை. மின்சாரத்தாலேயே அழித்து எழுதக்கூடிய 28சி16 ஈஈப்ராம் படிக்கும்போது அதே பின் அமைப்பில் பொருந்தும்.

அந்தச் சோதனை நிரலின் ஒரே கட்டுப்பாடு, அது நினைவகத்தை நம்பக் கூடாது. அடுக்கு நினைவகத்தைத் தொடும் கால், ரெட், புஷ், பாப் கட்டளைகள் எதுவும் இருக்கக் கூடாது. திரும்பும் முகவரியை எச்எல் அல்லது ஐஎக்ஸ் பதிவேட்டில் வைத்து, அதற்கே தாவித் திரும்ப வேண்டும். பிழையைத் திரையில் எழுதும் வழி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு 16 கிலோபைட் பகுதிக்கும் எந்த பிட் தவறுகிறது என்று காட்டினாலே போதும்: பகுதி எந்த வரிசை என்றும், பிட் அந்த வரிசையில் எந்தச் சிப் என்றும் சொல்லிவிடும். 4116இன் 14ஆம் பின் தரவு வெளியீடு என்பதால், சிப்புகளுக்கும் பிட்டுகளுக்குமான பொருத்தத்தை ஒரே முறை அளந்து ஒரு தாளில் எழுதிவையுங்கள். இந்த நிரலை எழுதுவது மாணவர்களுக்கு மிகச் சிறந்த பயிற்சியாகவும் இருக்கும் என்று நினைக்கிறேன்.

---

ஆய்வக_ஆசிரியர்:

எண்ணிப் பார்த்தோம், சரியாக 64ஆம் எழுத்தில்தான் டாலர் குறிகள் நிற்கின்றன. இரண்டு 2114களையும் இடம் மாற்றியபோது அவை கீழ்ப்பகுதிக்குப் போய்விட்டன. பழைய பயிற்சிப் பலகை ஒன்றிலிருந்து எடுத்த 2114ஐ வைத்ததும் திரை சுத்தமாகி, வட்டைச் செருகும்படி கேட்கும் வாசகம் பிழையின்றி வந்தது. நினைவகச் சோதனை நிரலை இறுதியாண்டு மாணவர்கள் எழுதினார்கள். மூன்றாம் வரிசையில் டி5க்குரிய 4116 ஒன்று மட்டும் தவறுகிறது. அதை மாற்ற 4164ஐ இடைச் சாக்கெட்டில் அமைத்துக்கொண்டிருக்கிறோம்.

அடுத்து ஃபிளாப்பிகள். சில உறைகளுக்குள் வெண்மையான பூஞ்சைப் படலம் தெரிகிறது. இவற்றை நேரடியாக இயந்திரத்தில் போட்டுப் பார்க்கலாமா?

---

ரோம்_வாசிப்பவள்:

கூடாது. பூஞ்சை உள்ள வட்டை ஒருமுறை சுழற்றினாலே அது தலையில் ஒட்டி, காந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடும். அடுத்து போடும் நல்ல வட்டும் கெடும். முதலில் இயந்திரத்தின் டிரைவ்களில் தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு வெற்று வட்டைச் சுழற்றி, அதன் மேற்பரப்பில் வட்டக் கீறல் விழவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள். அவற்றின் உறையை ஓரத்தில் வெட்டி, வட்டை வெளியே எடுத்துத் துடைத்துப் புதிய உறையில் இட வேண்டும். அது பொறுமையான தனி வேலை.

நல்ல நிலையில் உள்ள வட்டுகளையும் இயங்கவைக்கும் முன் படிமம் எடுத்துவிடுங்கள். கிரீஸ்வீசல் போன்ற சிறிய கருவி, ஒரு பழைய பிசி டிரைவுடன் சேர்ந்து, வட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும். வட்டின் அமைப்பு என்னவென்று தெரியாமலேயே எடுக்கலாம், பிறகு ஆராயலாம். 5.25 அங்குல வட்டுகளில் சிபி/எம் அமைப்பு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஒவ்வொன்றாக இருந்ததால் இது முக்கியம். 1.2 மெகாபைட் டிரைவால் 40 தட வட்டைப் படிக்கலாம், ஆனால் அதில் எழுதக் கூடாது. அதன் தலை குறுகலானது என்பதால், அது எழுதியதைப் பழைய டிரைவ் சரியாகப் படிக்காது.

எழுத்துத் தடுப்பிலும் கவனம். 5.25 அங்குல வட்டில் ஓர வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. 8 அங்குல வட்டில் இதற்கு நேர்மாறு, மூடினால்தான் எழுத முடியும். உங்கள் பெட்டியில் இரண்டு வகையும் கலந்திருந்தால் இதை மாணவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படித்த இரண்டு ஈப்ராம் கோப்புகள், சிப்புகளின் மேலிருந்த காகிதக் குறிகளின் படம், போர்டின் இரு பக்கப் படங்கள், போர்ட் எண்களின் பட்டியல், தொடர்ந்து வரைந்த சுற்றுப்படம் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக்கி இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றுங்கள். ஈப்ராம் கோப்புகளை மேம் குழுவினருக்கும் அனுப்புங்கள். வரைபடம் பாதியளவே முடிந்திருந்தாலும் ஏற்றலாம், சரிபார்த்த தடங்களை ஒரு நிறத்திலும் ஊகித்தவற்றை வேறு நிறத்திலும் காட்டினால் போதும். 6845க்கு அருகிலுள்ள ஈப்ராம் எழுத்து வடிவங்களைத் தாங்குவது என்பதால், அந்தக் கோப்பை 8 பிட் அகலத்தில் கட்டங்களாக அச்சிட்டு அதையும் சேர்த்துவிடுங்கள். ஏதேனும் ஒரு வடிவத்தில் பிட் மாறியிருந்தால் கண்ணால் பார்த்தே திருத்திவிடலாம்.